மூடிய மாதத்தில் கேட்ட விடுகதை

பொசோ ஏரிக்கு மேற்கே புராலோ என்ற ஊரில் விடுகதை போடுவதற்கும் பருவம் உண்டு. நெற்பயிர் சூல் கொள்ளும் நாளிலிருந்து அறுவடை முடியும்வரை திறந்த மாதங்கள். யார் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். கடைசிக் கதிர் களஞ்சியத்துக்குள் போனதும் மாதம் மூடிவிடும். அடுத்த பயிர் சூல் கொள்ளும்வரை ஒருவரும் விடுகதை போடக் கூடாது. போட்டால் நெல்லுக்குக் குழப்பம் வந்துவிடும். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, வரக்கூடாத நேரத்தில் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வர வேண்டிய நேரத்தில் வராமல் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும்.

இதைப் போதகர் மூடநம்பிக்கை என்று பிரசங்கத்தில் சொல்வார். ஆனால் போதகருக்கும் ஆற்றோரம் ஒரு துண்டு வயல் இருந்தது. மூடிய மாதங்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டால்கூட, எதற்கு வம்பு என்று பதிலையும் அதே மூச்சில் தானே சொல்லிவிடுவார்.

திறந்த மாதங்களில் ஊரே வயலில் கிடக்கும். வயலுக்கு ஒரு காவல் குடிசை, மூங்கில் கால்களின்மேல். குடிசையிலிருந்து நாலா பக்கமும் கயிறு ஓடும். கயிற்றில் பிளந்த மூங்கில் குழாய்கள் தொங்கும். இழுத்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும், குருவி எழுந்து ஓடும். கயிறு இழுக்க ஒரு கை போதும். வாய்க்கு வேலை வேண்டாமா? ஒருவர் கேட்பார், மற்றவர்கள் பதிலைத் தேடுவார்கள், யாராவது பிடித்துவிட்டால் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள்: "எங்க நெல்லு வெளிய வரட்டும். மேட்டுலயும் வரட்டும், பள்ளத்துலயும் வரட்டும். கொழுத்த கதிரா வரட்டும்." ஒளிந்திருக்கும் பதில் வெளியே வந்தால் ஒளிந்திருக்கும் கதிரும் வெளியே வரும் என்பது நம்பிக்கை. தன் வயலுக்குத் தானே கேட்டு, தானே சொல்லி, தானே கத்திக்கொண்டால் செல்லாது. அடுத்தவர் குரல் வேண்டும். அதனால் நடுவயலில் வயல் மூப்பர் மேரோ அப்பாவின் பெரிய குடிசையில் பகலெல்லாம் கூட்டம் இருக்கும்.

அந்தக் குடிசையில் நடுக்கம்பத்தில் சாய்ந்து உட்காரும் இடம் அல்பி அம்மாவுடையது. வேறு யாராவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். எதிரே போய் நிற்பாள். அவர்கள் எழுந்திருக்கும்வரை நின்றுகொண்டே இருப்பாள்.

அவளுக்கு நெல்சே என்று ஒரு பெயர் இருந்தது. பிள்ளை பிறந்தபின் அந்த ஊரில் யாருக்கும் சொந்தப் பெயர் தங்காது. அல்பி பிறந்ததும் அவள் அல்பி அம்மா ஆனாள், பனை ஏறுகிற அவள் புருஷன் அல்பி அப்பா ஆனான். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்கு ஏறவில்லை. வாத்தியாரையே திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்டதால் வாத்தியாருக்கும் அவளைப் பிடிக்கவில்லை. இரண்டு பேருக்கும் வசதியாக மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள். ஆனால் விடுகதை என்று வந்தால் அவளை மிஞ்ச ஏரியைச் சுற்றி எந்த ஊரிலும் ஆள் இல்லை.

"அடிக்கிறவனுக்கே அழுது அழுது குடிக்கக் குடுக்கிறா. யாரு?" என்பாள்.

"என் பொண்டாட்டி," என்பார் மேரோ அப்பா.

"உங்க வீட்டுல அடிக்கிறது அவங்க, அழுறது நீங்க. தப்பு. அடுத்த ஆளு."

ஆள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். உரல் என்பார்கள், மேளம் என்பார்கள். அல்பி அம்மா எல்லோரையும் நன்றாக மூழ்கவிட்டு, கடைசியில் புருஷன் பக்கம் திரும்புவாள். "சர்க்கரைப் பனை. தினம் தண்டைத் தட்டித் தட்டித்தானே கள்ளு எறக்குறீங்க? பனையேறியே பக்கத்துல உக்காந்திருக்கீங்க, உங்களுக்கே வரலியே."

"எனக்கு வந்துச்சு," என்பான் அல்பி அப்பா. "நீ என்னைத் திட்டுறேன்னு நெனச்சு வாயை மூடிக்கிட்டேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவள் மட்டும் சிரிக்கமாட்டாள். ஜெயித்த பிறகும் தோற்றவரை விடுகிற குணம் அவளுக்கு இல்லை. "தலைக்குள்ள என்னத்த வெச்சிருக்க, தவிடா?" என்று அறுவடை வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பாள். அதனால் அவளைக் கண்டால் ஊருக்குக் கொஞ்சம் பெருமை, நிறையப் பயம்.

செல்மா கடற்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் ஊரில் தென்னைதான். தென்னைக்குப் பருவம் ஏது, எந்நாளும் காய்க்கும். அதனால் அங்கே எந்நாளும் விடுகதை போடுவார்கள். கல்யாணமான வருஷமே அவள் புருஷன் வெளியூருக்கு மரம் வெட்டப் போய்விட்டான். தனியாக இருந்த பெண், மூடிய மாதத்தில் ஒரு நாள் ஆற்றில் துணி துவைத்துக்கொண்டே பக்கத்தில் குளித்த பிள்ளைகளிடம் கேட்டுவிட்டாள்: "எத்தனை வெட்டினாலும் தழும்பே விழாது. என்ன அது?"

பிள்ளைகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கொஞ்சம் தள்ளித் துவைத்துக்கொண்டிருந்த அல்பி அம்மா ஈரச் சீலையோடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன கேட்ட?"

"தண்ணி, அக்கா. தண்ணிதான் பதில். சும்மா பிள்ளைங்ககிட்ட விளையாட்டுக்கு..."

"பதிலு எனக்குத் தெரியும். இது எந்த மாசம்னு தெரியுமா உனக்கு?"

செல்மாவுக்குத் தெரியவில்லை. தெரியாததைச் சொல்லிக் கொடுத்துவிட்டு விட்டிருக்கலாம். அல்பி அம்மா நேரே மேரோ அப்பாவிடம் போனாள். ஊர்ப் பெரியவர்களின் சபை கூடியது. செல்மா ஒரு வெள்ளைக் கோழி கொடுக்க வேண்டும், அந்தப் பருவம் முழுவதும் பெரிய குடிசைக்கு வரக் கூடாது என்று தீர்ப்பு. கோழியை அறுத்து ரத்தத்தை வரப்பில் தெளித்தார்கள், கறியைச் சபை சாப்பிட்டது. அந்த வருஷம் செல்மாவின் வயலுக்காக ஒரு குரலும் எழவில்லை. எலி வந்தது. ஏனோ அந்த எலி அவள் வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்குப் போகவில்லை.

"பாத்தீங்களா," என்றாள் அல்பி அம்மா. ஊர் பார்த்தது, நம்பியது.

அல்பிக்கு அப்போது ஏழு வயது. அம்மாவைப் போலவே விடுகதைப் பைத்தியம். ஆனால் அம்மாவின் மூளை அவனிடம் வந்து சேரவில்லை. எந்த விடுகதைக்கும் அவன் பதில் ஒன்றே ஒன்றுதான்.

"வாசல் இருக்கு, கதவு இல்லை. போனவன் எவனும் திரும்பலை. என்ன?"

"பன்றி."

"மீன் பிடிக்கிற கூடுடா, மடையா. காலே இல்லாம மலையிலேர்ந்து எறங்கி வர்றா. யாரு?"

"பன்றி."

"பன்றிக்குக் கால் இல்லையாடா? மூடுபனிடா."

பெரிய குடிசையே குலுங்கிச் சிரிக்கும். யார் பெற்ற பிள்ளை, யார் வயிற்றில் பிறந்தது பார் என்று தோற்றவர்கள் எல்லாம் சேர்ந்து பழி தீர்த்துக்கொள்வார்கள். அல்பி அம்மாவுக்கு முகம் சிவந்துவிடும். வீட்டுக்குப் போகும் வழியில் அவன் காதைத் திருகுவாள். திருகிய கையாலேயே கொஞ்ச தூரம் போனதும் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். ஏழு வயதுப் பையன், கால் தரையில் இழுபடும்.

அந்த வருஷம் அறுவடை முடிந்து, களஞ்சியம் பூட்டி, மாதம் மூடியபின் அல்பிக்குக் காய்ச்சல் வந்தது. ஏரிக் கரையில் காய்ச்சல் புதிதில்லை. பக்கத்து நகரமான தெந்தேனாவின் சுகாதார நிலையத்தில் கொடுத்த கசப்பு மாத்திரையைக் கரைத்து ஊற்றினார்கள். குறைந்தது, ஏறியது, மறுபடி குறைந்தது. பிறகு குறைவதை நிறுத்திவிட்டது.

படுத்த இடத்திலிருந்து அவன் கேட்டது தண்ணீர் இல்லை.

"அம்மா, ஒரு விடுகதை போடு."

"மாசம் மூடியிருக்குடா."

"ஒண்ணே ஒண்ணு."

"நெல்லுக்குக் கேட்டுடும்."

"நெல்லுதான் பூட்டிக் கெடக்கே. மெதுவாச் சொல்லு."

"மெதுவாச் சொன்னாலும் சொன்னதுதான். தூங்கு."

மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாள் கேட்கவில்லை. கேட்காதபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பனை ஏறப் போன அல்பி அப்பா வீடு திரும்ப முடியாமல் எங்கோ ஒதுங்கி நின்றான். கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்கே ஒன்றும் கேட்காது. அல்பி அம்மா பிள்ளையின் காதருகே குனிந்தாள். இத்தனை வருஷம் அவள் போட்ட விடுகதை எதற்கும் பன்றி பதிலாக வந்ததில்லை. அதனால் அவள் புதிதாக ஒன்று செய்தாள்.

"மண்வெட்டி இல்லாம நிலம் கொத்துவான். கூலி கேக்க மாட்டான். கூப்பிட்டா வாலால பேசுவான். யாரு?"

அல்பி கண்ணைத் திறந்தான். வெகுநேரம் யோசித்தான்.

"நான் சொன்னா நீ காதைத் திருகுவே."

"திருக மாட்டேன். சொல்லு."

"பன்றின்னுதான் எனக்கு வருது."

"பன்றிதான்."

அவனால் நம்பவே முடியவில்லை. "நெசமா?"

"நெசமா. நீ ஜெயிச்சுட்டே."

ஜெயித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். வாழ்நாளில் முதல்தடவை, சும்மா இருப்பானா. தலையணையிலிருந்து எழும்பி, இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தானோ அந்தக் குரலை, இருந்ததை எல்லாம் சேர்த்துக் கத்தினான். "எங்க நெல்லு வெளிய வரட்டும். மேட்டுலயும் வரட்டும், பள்ளத்துலயும்..." அவள் வாயைப் பொத்துவதற்குள் பாதி போய்விட்டது.

மழை நடுவில் ஒரு மூச்சு விட்டிருந்தது. ஏணிப்படியின் மேல்கட்டையில் செல்மா நின்றிருந்தாள், வாழையிலையால் மூடிய கஞ்சிச் சட்டியோடு. அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அல்பி அம்மா அவளைப் பார்த்தாள். செல்மா பையனைப் பார்த்தாள்.

"கஞ்சி ஆறிடும்க்கா," என்று சட்டியை வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அந்த வாரமே அல்பி போய்விட்டான். தேவாலயத்துக்குப் பின்னால் புதைத்தார்கள். மறுநாள் அல்பி அப்பா பனை ஏறினான். பாளை யாருக்காகவும் காத்திருக்காது. ஊர் அவளைத் தொடர்ந்து அல்பி அம்மா என்றே கூப்பிட்டது. ஒருமுறை கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. தண்ணீர் எடுக்கப் போனால், விறகுக்குப் போனால், உப்பு கடன் கேட்க வந்தால், ஒவ்வொரு வாயும் நாள் முழுவதும் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த பயிர் நன்றாகத்தான் எழும்பியது. சூல் கொண்டது. மாதம் திறந்தது. கதிர் வர வேண்டிய நேரத்தில் பாதிக் கதிர் வரவில்லை. வந்தது வெள்ளையாக, நிமிர்ந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் நின்றது. ஒருவர் வயல் இல்லை, எல்லோர் வயலும். தெந்தேனாவிலிருந்து விவசாய அலுவலர் வந்து ஒரு தண்டைப் பிளந்து புழுவைக் காட்டினார். அடுத்த பயிருக்குப் பூச்சிமருந்துப் பொடி தருவதாகச் சொன்னார். ஊர் பொடி வாங்கவும் பெயர் எழுதிக் கொடுத்தது, மூடிய மாதத்தில் வாய் திறந்த ஆளையும் தேடியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் களஞ்சியத்துக்குக் கீழே சபை கூடியது. யாரும் யார் பெயரையும் சொல்லவில்லை. எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது.

"எழுந்திரு," என்றார் மேரோ அப்பா. செல்மா எழுந்தாள். "மூடின மாசத்துல விடுகதை போட்டியா?"

"போடலை மாமா."

"வேற யாராவது போட்டதைக் கேட்டியா?"

செல்மா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கால் விரலால் மண்ணைக் கீறினாள்.

"பாருங்க, பதில் வரலை," என்றது ஒரு குரல்.

"கடற்கரைக்காரிக்கு நெல்லு எங்க புரியப் போகுது?" என்றது இன்னொன்று.

அல்பி அம்மா பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து அல்பி அப்பா அவள் முதுகில் விரலால் குத்தினான். அவனிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"வாயைத் திறக்காதே," என்றான் மெதுவாக. "ஊரு நெல்லைக் கெடுத்தது அல்பி வாயின்னு ஆயிடும். காலத்துக்கும் அதைத்தான் சொல்வாங்க. செத்தவனைச் சபைக்கு இழுக்காதே."

அவளுக்கும் அதே பயம்தான். கோழி போனால் போகட்டும். கம்பத்தில் சாய்கிற இடம்கூடப் போகட்டும். ஆனால் இனி யாராவது அல்பி அம்மா என்று கூப்பிட்டால், நெல்லைக் கெடுத்தவனின் அம்மா என்று அர்த்தமாகிவிடும். அவன் ஜெயித்தது ஒரே ஒரு தடவை. அதையும் பிடுங்கிக் கொடுக்க வேண்டுமா? அவள் பேசவில்லை. செல்மா ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பார்த்திருந்தால் அவள்மேல் கோபமாவது வந்திருக்கும்.

மேரோ அப்பா பெரியவர்களோடு தலையைச் சேர்த்துப் பேசிவிட்டுத் திரும்பினார். "இது ரெண்டாவது தடவை. கோழியில தீராது. உன் ஆத்தோரத்து வயலு ஊரு வயலு. ஊரு குடுத்தது, ஊரு எடுத்துக்கும்."

செல்மாவுக்கு அந்த வயலை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. அவள் அழவில்லை. சரி மாமா என்றுகூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"நான்தான் போட்டேன்," என்றாள் அல்பி அம்மா.

முதுகில் குத்திய விரல் நின்றது.

"அல்பி படுத்திருந்தப்ப கேட்டான். போட்டேன். அவன் பதில் சொன்னான். கத்தினான். இவ கஞ்சி கொண்டு வந்தா, காதுல விழுந்துடுச்சு. இவ்வளவுதான். எடுக்கிறதுன்னா என் வயலை எடுங்க."

அவள் எதிர்பார்த்தது கூச்சல். கூச்சல் வரவில்லை. பெண்கள் வரிசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் இன்னொருத்தி. தவிடு என்று அவளிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லாம் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள்.

"சாகப் போற பிள்ளை கேட்டா எவதான் மாட்டேம்பா?"

"கல்லு மனசுக்காரிதான் மாட்டேம்பா."

மேரோ அப்பா குரலை இறக்கினார். "உக்காரு, அல்பி அம்மா. பிள்ளையைப் பறிகொடுத்தவமேல நெல்லு கோபப்படாது."

"கோபப்பட்டிருக்கே. போயி வயலைப் பாருங்க."

"உக்காரு தாயி. உன் தண்டனையை நீ அனுபவிச்சுட்ட."

"அப்ப இவளுக்கும் ஒண்ணும் இல்லைதானே?"

மேரோ அப்பா செல்மாவைப் பார்த்தார். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள், யாரும் உட்காரச் சொல்லவில்லை. சபை கூடிவிட்டது. வயலில் கதிர் வெள்ளையாக நிற்கிறது. யாராவது ஒருவர் கோழி கொடுக்காமல் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட முடியாது.

"வயலு அவகிட்டயே இருக்கட்டும்," என்றார். "ஆனா கேட்டது இவ காது. அன்னைக்கே வந்து எங்கிட்டச் சொல்லியிருந்தா, அன்னைக்கே கோழி அறுத்து நெல்லைச் சமாதானம் பண்ணியிருப்போம். மறைச்சு வெச்சது யாரு?"

"எனக்காகத்தான் மறைச்சா."

"மறைச்சாள்ல? ஒரு கோழி. அடுத்த பருவம் பெரிய குடிசைக்கு வர வேணாம்."

நியாயம்தான் என்றது சபை. முந்தானைகள் காய்ந்துவிட்டன.

அல்பி அம்மா தன் வீட்டுக் கூட்டிலிருந்து வெள்ளைக் கோழியைப் பிடித்துக்கொண்டு செல்மா வீட்டுக்கு ஓடினாள். செல்மா அதற்குள் தன் கோழியின் காலைக் கட்டிவிட்டிருந்தாள்.

"இதைக் குடு. உன்னுது இருக்கட்டும்."

"வேணாம்க்கா."

"எனக்காகத்தானே..."

"உங்களுக்காக இல்லை. அந்தப் பையனுக்காக." செல்மா கோழியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் கேக்குறேன். விடுகதை இல்லை, பயப்படாதீங்க. அன்னைக்கு ஆத்துல நான் கேட்டப்ப, என் வீட்டுலயும் ஒரு சாவு விழுந்திருந்தா என்னை விட்டிருப்பீங்களா?"

அல்பி அம்மாவிடம் பதில் இருந்தது. அதனால்தான் அவள் சொல்லவில்லை.

அடுத்த பருவம் மாதம் திறந்த அன்று பெரிய குடிசையில் அவளுக்காகப் புதுப் பாய் விரித்திருந்தார்கள். சுட்ட சோளத்தில் நல்ல கதிராகப் பார்த்து அவள் கையில் கொடுத்தார்கள். அவள் கேட்ட விடுகதைக்கு யாரும் பதில் தேடவே இல்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, உன்னை ஜெயிக்க முடியுமா தாயி என்றார்கள். அவளைக் கேட்டதெல்லாம் பால்குடிப் பிள்ளைக்குப் போடுகிற விடுகதை. பதில் சொன்னதும் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கத்தினார்கள். அல்பி அம்மாவுக்குப் புரிந்தது. பிள்ளையிடம் அவள் எதற்காகப் பன்றியைக் கொண்டுவந்தாளோ, அதற்காகத்தான் இவர்களும் கொண்டுவருகிறார்கள். பிள்ளைக்குப் போட்டால் அன்பு. அவளுக்குப் போட்டால் கன்னத்தில் அறைகிற மாதிரி இருந்தது.

சோளத்தைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தாள். வரப்பு வழியே நடந்து, ஆற்றோரத்தில் தனியாக இருந்த செல்மாவின் குடிசைக்குப் போனாள். பெரிய குடிசையிலிருந்து எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பார்க்கட்டும் என்றுதான் போனாள்.

செல்மா கயிறு இழுத்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அல்பி அம்மா ஏணியேறி ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் மனதில் ஒரு திட்டம் இருந்தது. தான் கேட்க வேண்டும், செல்மா பதில் சொல்ல வேண்டும், அடுத்த வயல்காரியின் குரலாகத் தான் கத்த வேண்டும். அந்த வயலுக்கு ஒரு குரல் கிடைத்துவிடும். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வராது, விடுகதைதான் வரும்.

"மூணு பேரு. ஒரே பாரத்தைத் தலையில சுமக்கிறாங்க. காலடியில நெருப்பு வெச்சாலும் நகர மாட்டாங்க. யாரு?"

செல்மா கயிற்றை விட்டாள். மெதுவாகத் திரும்பினாள்.

"ஏன்க்கா கேட்டீங்க?"

"பதில் தெரியலையா?"

"பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அதுவா கேள்வி? நான் பதில் சொன்னா உங்களுக்கு மனசு ஆறிடும். செல்மா பேசிட்டா, எல்லாம் சரியாயிடுச்சுன்னு எழுந்து போயிடுவீங்க. சொல்லலைன்னா, கேட்ட விடுகதை என் வயலுமேல தொங்கும், என் கதிரு உள்ளயே நிக்கும். ரெண்டுல எது வேணும்னு என் கழுத்துல கத்தியை வெச்சிட்டு உக்காந்திருக்கீங்க. உங்களை இங்க யாரு வரச் சொன்னா?"

இவ்வளவு நீளமாக அவள் பேசி அல்பி அம்மா கேட்டதில்லை. ஆயிரம் விடுகதை போட்டவளுக்கு இந்த ஒன்றைப் போடுமுன் யோசிக்கத் தோன்றவில்லை. திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியாது. காற்றில் சொன்னது காற்றில் நிற்கிறது.

ஒரு வழி இருந்தது. கேட்டவரே பதிலைச் சொல்லிவிடலாம். அதற்கு விழுங்குவது என்று பேர். விழுங்கினால் விடுகதை தீர்ந்துவிடும், கேட்டுக்கொண்டிருந்தவர் வயலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் விழுங்கியவரின் நெல்லில் உள்ள பலம் அந்த வயலுக்குப் போய்விடும் என்பார்கள். அந்தப் பருவம் முழுவதும் விழுங்கியவர் எங்கேயும் விடுகதைக்கு வாய் திறக்கக் கூடாது. சிறுபிள்ளைகள்கூட வெட்கப்பட்டு விழுங்கமாட்டார்கள், அழுவார்கள்.

அல்பி அம்மா எழுந்து நின்றாள். பெரிய குடிசைக்குக் கேட்கும்படி அடிவயிற்றிலிருந்து சொன்னாள்: "அடுப்புக் கல்லு." பிறகு ஒற்றைக் குரலில், வேறு யாரும் சேர்ந்துகொள்ளாமல் கத்தினாள்: "செல்மா நெல்லு வெளிய வரட்டும். மேட்டுலயும் வரட்டும், பள்ளத்துலயும் வரட்டும். கொழுத்த கதிரா வரட்டும்."

 பெரிய குடிசையில் யாரோ ஒருவன், "அல்பி அம்மா விழுங்கிட்டாடோய்," என்றான். இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு வரப்புமேல் உருண்டு வந்தது. மேரோ அப்பா அதட்டியும் நிற்கவில்லை. அழுத முந்தானைகள்தான் அதிகம் சிரித்தன.

"இப்பப் போங்கக்கா," என்றாள் செல்மா. "குருவி எறங்குது."

அந்த வருஷம் எல்லோர் வயலும் நன்றாக வந்தது. பொடி தூவிய வயல்கள் எல்லாம் வந்தன, எல்லோரும் தூவியிருந்தார்கள். ஒரே ஒரு குரல் கேட்ட செல்மாவின் ஆற்றோரத்து வயலும் வந்தது. விழுங்கியவளின் வயலும் வந்தது. இதைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அதுவரை அறுத்த கோழிகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அல்பி அம்மா பருவம் முழுக்கத் தன் குடிசையில் தனியாகக் கயிறு இழுத்தாள். கம்பத்து இடத்தில் வேறொருத்தி சாய்ந்து உட்கார்ந்தாள். எதிரே யாரும் போய் நிற்கவில்லை.

அறுவடைத் திருநாளில் வீட்டுக்கு வீடு மூங்கிலில் சுட்ட புதுச்சோறு அனுப்புவார்கள். ஒரு வீட்டையும் விடக் கூடாது. விட்டால் அடுத்த விளைச்சல் குறையும். செல்மா ஊரெல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியாக வந்தாள். மேலே ஏறவில்லை. மூங்கில் துண்டை ஏணியின் கீழ்க்கட்டையில் சாய்த்து வைத்து, "அல்பி அம்மா, சோறு," என்றாள். பதிலுக்கு நிற்காமல் நடந்தாள்.

அக்கா என்று சொல்லவில்லை. அல்பி அம்மா அதைக் கவனித்தாள். கீழே வந்து எடுத்துப் போய், புருஷன் முன்னால் மூங்கிலைப் பிளந்து, ஒரு வாய் போட்டாள்.

"உப்பு பத்தலை."

"பத்தலைன்னா வெச்சிடு," என்றான் அல்பி அப்பா. "விடக் கூடாதுங்கிறதுக்காகக் குடுத்தது. வேற எதுக்கும் இல்லை."

"தெரியும்," என்றாள் அவள். அவனுக்கு ஒரு வாய் கொடுக்கவில்லை. மூங்கிலில் ஒட்டியிருந்த பருக்கை வரை நகத்தால் சுரண்டித் தின்றுவிட்டுத்தான் எழுந்தாள்.